மறதியற்ற வானம்

பியூலா கனகராஜுக்கு மறதி நோய் என்று கண்டுபிடித்த இயந்திரத்துக்கு அன்று காலைதான் வெள்ளிக்கிழமைப் பூஜைக்காகச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தார்கள். இயந்திரத்தின் பெயர் துலாக்கோல். பார்வைக்கு, பியூட்டி பார்லரில் தலைமுடி உலர்த்துகிற கவசம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அப்படி யாரும் சொல்லக் கூடாது என்று வான்நல வாரியத்தின் தலைவர், நரம்பியல் செம்மல் டாக்டர் கோ. அருள்மொழிவர்மன் சுற்றறிக்கை விட்டிருந்தார். 'செம்மல்' பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெரியவில்லை. அழைப்பிதழ் அச்சடித்தவர் கொடுத்ததாக ஒரு வதந்தி உண்டு.

விமானம் ஓட்டுகிறவர்களும், தரையில் உட்கார்ந்து அவர்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டாளர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கவசத்துக்குக் கீழே தலையைக் கொடுக்க வேண்டும். மூளை சரியாக இருக்கிறது என்று அது சொன்னால் வேலை உண்டு. சொல்லாவிட்டால் இல்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்றால், எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கட்டுப்பாட்டாளர், ஓடுபாதையில் நிற்கச் சொன்ன விமானத்தை மறந்துபோய் அதே பாதையில் இன்னொன்றை இறக்கிவிட்டார். அந்தத் தேசத்தில் ஓடுபாதைக்குக் கூடுதலாக நாலு விளக்கு வைத்தார்கள். நம் ஊரில் வாரியம் வைத்தார்கள். "இனி நம் வானத்தில் மறதிக்கு இடமில்லை" என்று அமைச்சர் சபையில் மேஜையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் ஏழு மாடிக் கட்டிடம் எழும்பியது. முகப்பில் ஆளுயர எழுத்தில் 'மறதியற்ற வானம்' என்று பதித்தார்கள். போன ஐப்பசிப் புயலில் நடுவிலிருந்த 'யற்ற' என்ற மூன்று எழுத்தும் பெயர்ந்து விழுந்தன. மறுபடி ஒட்ட எல்லோரும் மறந்துவிட்டபடியால், வாசலில் இப்போது 'மறதி வானம்' என்றே இருக்கிறது.

பியூலா தூத்துக்குடிக்காரி. வயது நாற்பத்தாறு. இருபது வருஷத்துக்கு மேலாக வங்கக் கடலுக்கு மேலே பறக்கிற விமானங்களை ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. காத்திருப்புக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கேப்டன், தொப்பியும் தோள்பட்டைக் கோடுகளுமாக, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஜபம் என்று நினைத்தாள்.

கேப்டன் கண்ணைத் திறந்தார். "மேடம் எந்த சென்டர்?"

"ஏரியா கன்ட்ரோல்."

"அதில்ல மேடம். எந்த கோச்சிங் சென்டர்?"

வாரியம் திறந்த அடுத்த மாதமே 'ஆறே வாரத்தில் அசத்தல் மூளை' என்று நகரமெங்கும் பயிற்சி மையங்கள் முளைத்திருந்தன. கேப்டன் இரண்டில் சேர்ந்திருந்தார். ஒன்றில் ஞாபகசக்தி, இன்னொன்றில் நிதானம். நிதானத்துக்கு மட்டும் காலை, மாலை இரண்டு வேளையும் வகுப்பு.

"நான் எங்கயும் சேரல சார். இருக்கிற மூளையே போதும்னு வந்துட்டேன்."

கேப்டன் அவளை, கைப்பிடி இல்லாத மாடியில் நிற்கிற குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உள்ளே சோதனை நடத்தியவள் நூருன்னிசா என்ற உளவியல்காரி. சின்ன வயது, மெல்லிய குரல். கவசத்தை இறக்கிவிட்டு, "பத்து வார்த்தை சொல்வேன் மேடம், கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். "வாழைப்பூ, சுத்தியல், கம்பளி, கோயில்மணி, எலுமிச்சை, படகு, ஊசி, சாம்பல், கண்ணாடி, முயல்."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கை முழுக்க இதைத்தானே செய்கிறாள்? அவள் சொல்வதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், விமானி சொல்வதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் 'கரெக்ட்' என்று முடிக்க வேண்டும். பத்து வார்த்தையையும் அதே வரிசையில், அதே வேகத்தில், ரேடியோக் குரலில் திருப்பிச் சொன்னாள்.

"கரெக்ட் மேடம்!" என்றாள் நூருன்னிசா. "ஒண்ணுகூட விடல."

'கரெக்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பியூலாவின் இடது கை, மேஜை மேலிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிடுவது போலத் தானாகச் சுண்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. துலாக்கோல் கவனித்தது.

பிறகு புள்ளிகளை இணைத்தாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள், கட்டங்களை அடுக்கினாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகும்போது நூருன்னிசா கேட்டாள்: "ஆரம்பத்துல சொன்ன அந்தப் பத்து வார்த்தை, இப்ப சொல்லுங்க மேடம்."

"எந்த வார்த்தை?"

"நீங்க திருப்பிச் சொன்னீங்களே."

பியூலா யோசித்தாள். துடைத்த பலகை மாதிரி இருந்தது தலை. "ஏதோ காய்கறி வந்துச்சு" என்றாள்.

நூருன்னிசாவின் முகம் மாறியது. கவசத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்குக்கு வைத்த குங்குமத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாக எடுபடவில்லை.

டாக்டர் அருள்மொழிவர்மன் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்குப் பின்னால் அவர் சால்வை வாங்குகிற புகைப்படங்கள் பதினைந்து இருந்தன. ஒன்றில்கூட யாருக்கும் அவர் சால்வை போடவில்லை.

"பெனிலா அம்மையாரே, வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். தங்களுக்கு நினைவுச் சரிவு தொடங்கிவிட்டது."

"பியூலா சார். சரிவெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வேலையே மறக்கறதுதான்."

டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு ஷிஃப்டுல நூறு பிளேனுக்கு மேல என் கை வழியாப் போவுது. என்கிட்ட இருக்கிற வரைக்கும் அதோட உயரம், வேகம், யாருக்கு முன்னாடி யாரு, எல்லாம் தலைக்குள்ள நிக்கணும். அடுத்த செக்டர்காரர் 'ஏத்துக்கிட்டேன்'னு திருப்பிச் சொல்லிட்டா, அந்த நிமிஷமே தூக்கி எறிஞ்சிரணும். எறியலன்னா பழசு போயி புதுசு மேல உக்காந்துக்கும். டிரெய்னிங்ல மொதல்ல சொல்லிக் குடுத்ததே இதுதான். முந்தி பிளேனுக்கு ஒரு காகிதச் சீட்டு இருந்துச்சு சார். ஒப்படைச்சதும் இடது கையால ஒரு சுண்டு, தகர டப்பாவுல டக்குனு விழும். விழுந்தா மறந்தாச்சு. இப்ப எல்லாம் திரையிலதான். ஆனா கை மறக்கல. இந்தப் பொண்ணு 'கரெக்ட்'னு சொன்னாள்லா? நான் டப்பாவுல போட்டுட்டேன்."

"அந்த இடக்கை அசைவு!" டாக்டர் மகிழ்ந்துபோனார். "துலாக்கோல் அதை நடுக்கம் என்று குறித்திருக்கிறது. அம்மையாரே, தன் நோய்க்குத் தானே காரணம் கற்பிப்பது இந்நோயின் முதல் அறிகுறி."

"காரணம் சொல்லாம இருந்தா?"

"தன்னிலை அறியாமை. இரண்டாம் அறிகுறி."

பியூலா வாயை மூடிக்கொண்டாள். அது மூன்றாவதாக இருக்கக் கூடும் என்று பட்டது.

மருந்தும் அவரிடமே இருந்தது. உளுந்து அளவில், கறுப்பாக, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற ஒன்று. வாரியம் அதற்கு 'நினைவூக்கி' என்று பெயர் வைத்திருந்தது. கட்டுப்பாட்டாளர்கள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்றார்கள்.

"ஒட்டிய சில நாள்களில் இது மூளையில் புதுத் தடம் போட்டுவிடும். பிறகு பொட்டையே எடுத்துவிட்டாலும் தடம் அழியாது. தாங்கள் நினைத்தாலும் எதையும் மறக்க இயலாது, பெனிலா அம்மையாரே!"

"நெனச்சாலும் முடியாதா?"

"நிரந்தரம்!" என்றார் டாக்டர், மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில்.

ஒட்டிக்கொள்ளாதவர்களுக்கும் வாரியம் வழி வைத்திருந்தது. விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளுக்கான பிரிவில் நாற்காலி.

கேன்டீனில் தில்லைநாயகத்திடம் சொன்னாள். பயிற்சிக் காலத்திலிருந்து கூட இருப்பவன். வானத்தைப் பங்கு பிரித்ததில் அவளுடையது தொலைகடல் செக்டர், அவனுடையது கரையோர செக்டர். கடலிலிருந்து வருகிற விமானங்களை அவள் அவனிடம்தான் ஒப்படைப்பாள். ஒரே ஹாலின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஹாட்லைனில் பேசிக்கொள்வார்கள்.

தில்லை காது மடலை மடக்கிக் காட்டினான். பொட்டு பளபளத்தது. "எனக்குப் போன வாரமே ஆச்சு. முதல் பக்கவிளைவு என்ன தெரியுமா? மாமியார் பொறந்தநாள் ஞாபகம் வந்துடுச்சு. போன் பண்ணி வாழ்த்திட்டேன். அந்தம்மா பயந்து போயி என் பொண்டாட்டிகிட்ட 'மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டிருக்கு."

"விளையாடாத தில்லை. ஒட்டிக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்னா என்ன செய்வே? பெட்டி தொலைச்சவன்கிட்ட திட்டு வாங்குவியா?" டீயை ஒரே மடக்கில் குடித்தான். "அங்கயாவது தொலைஞ்சது திரும்பக் கிடைக்கும்."

அப்போது அதை வேடிக்கைப் பேச்சென்றே பியூலா எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் எட்வினிடமும் அதையேதான் கேட்டாள். சென்னையில் மக்ரூன் கடை வைத்திருக்கிற தூத்துக்குடிக்காரன். கல்யாணமான புதிதில், கடைக்குக் கிளம்பும்போது "பால் வாங்கணும்" என்று சொன்னால் மனைவி "பால் வாங்கணும்" என்று பாடம் ஒப்பிப்பது போலத் திருப்பிச் சொல்வதைக் கண்டு அசந்துபோனவன். அப்படித் திருப்பிச் சொன்னால் அந்தப் பால் வீடு வந்து சேராது என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டான்.

"பொட்டு வேண்டாம்ட்டி. பெட்டி பிரிவுக்கே போ. அங்க உனக்கு டென்ஷன் கிடையாது."

"அங்க எனக்கு மைக்கும் கிடையாது."

அவ்வளவுதான் காரணம். காதில் ஹெட்செட்டும், எதிரே திரையில் நகரும் புள்ளிகளும், தன் ஒரு சொல்லுக்கு முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு மெல்லத் திரும்புகிற விமானமும் இல்லாமல் பியூலா என்று ஒருத்தி எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒட்டிக்கொண்டாள்.

மறுசோதனையில் பத்து வார்த்தையையும் சொன்னாள். முதல் சோதனையின் பத்து வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள். அன்று நூருன்னிசா போட்டிருந்த துப்பட்டாவின் நிறம், கேப்டன் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, எல்லாம் வந்தன. பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் சால்வை போர்த்தினார். புகைப்படத்துக்குச் சிரிக்கும்போது, பதினைந்தோடு இது பதினாறு, ஆனால் முதல் முறையாக இவர் போடுகிறார் என்று பியூலா எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வீடு கெட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று எட்வின் சொன்னான். சாதாரணமாகச் சொன்னான். பியூலா கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி மொத மாசம் உங்க அக்காவும் இதையேதான் சொன்னா. 'அப்பன் வீட்டுல புளி மூட்டை வியாபாரமா'ன்னு. நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்க. இடது கையில தட்டு. நீலச் சட்டை."

எட்வின் மென்றதை விழுங்கினான். "அதைத்தான் அப்பவே மன்னிச்சிட்டியேட்டி."

"மன்னிக்கல. மறந்திருந்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை நாளும் நெனச்சிட்டு இருந்திருக்கேன்."

அதன் பிறகு அவன் பேசுவதற்கு முன் யோசிக்க ஆரம்பித்தான். இனி சொல்கிற ஒவ்வொன்றும் அப்படியே கிடக்கப் போகிறது என்று தெரிந்த மனிதன் என்ன பேசுவான்? பால் வாங்க வேண்டும் என்பான். அவள் வாங்கி வந்துவிடுவாள். வீட்டில் பால் இருந்தது. வேறு எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பிறகு வேலை கெட்டது. ஆனால் அது கெட்டதாக யாரும் நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

கட்டுப்பாட்டு ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. வானத்தை மேய்க்கிறவர்கள் கண்ணில் வானம் படாது, திரைதான். அந்தத் திரையில் தில்லையிடம் ஒப்படைத்த விமானம் மறைந்த பிறகும், பியூலாவின் தலைக்குள் அது மறையாமல் அதே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. காலை விமானங்களுக்குள் நேற்றைய விமானங்கள் நுழைந்தன. இன்றைய கொழும்பு விமானத்துக்கு எதிரே போன செவ்வாய்க்கிழமை யாங்கோன் விமானம் வந்தது. அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய், "வலப்பக்கம் திரும்பவும்" என்று சொல்லிவிடும்.

"மேடம், எதுக்குத் திருப்பறீங்க?" என்று ஒரு இளம் விமானி கேட்டான்.

"எதிர்ல டிராஃபிக்."

"எங்க ஸ்க்ரீன்ல ஒண்ணும் காணோமே மேடம்."

"இருந்துச்சு" என்றாள் பியூலா.

விமானங்கள் காலியான வானத்தில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. பயணிகள் தாமதத்துக்குச் சபித்தார்கள். வாரியமோ, நினைவூக்கி வந்த பிறகு விமானங்களுக்கு இடையிலான தூரம் இரட்டிப்பாகிவிட்டது, இதுவரை இல்லாத பாதுகாப்பு என்று அறிக்கை விட்டது. அமைச்சர் மறுபடி மேஜையைத் தட்டினார்.

அப்புறம் ஒரு மத்தியானம் நாரை 734 வந்தது.

அது ஒரு சின்ன சரக்கு விமானம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தமானிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. பியூலா அதைத் தில்லையிடம் ஒப்படைத்தாள், தில்லை ஏற்றுக்கொண்டான், அவன் செக்டருக்குள் போன சற்று நேரத்தில் புள்ளி காணாமல் போனது. கடலில் கொஞ்சம் மரப்பெட்டிகள் மிதந்தன. இயந்திரக் கோளாறு, யார் மீதும் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. விசாரணையில் பியூலாவிடம், விமானி எப்படிப் பேசினார் என்று கேட்டார்கள். அவளுக்கு நினைவில்லை. ஒப்படைத்ததும் கை சுண்டியிருந்தது, டப்பாவில் விழுந்துவிட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதிலும் நடுவில் ஓர் இடத்தைத் தாண்டி ஓட்டினார்கள். அலுவல் சாராத பேச்சாம். அவளும் தில்லையும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை.

இப்போது அந்தத் தாண்டி ஓட்டிய இடம் வந்தது. நடுவயதுக் குரல். களைத்த குரல். ஆங்கிலத்தில் உயரமும் வேகமும் சொல்லிவிட்டு, தமிழுக்கு மாறி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டது: "மேடம், ஊர்ல மழையா? வீட்டுல மாடியில கூழ் வத்தல் போட்டிருக்காங்க."

அன்று அவளிடம் ஒன்பது விமானங்கள் இருந்தன. "ஸ்டாண்ட்பை" என்றாள். அதாவது, பொறுங்கள், பிறகு சொல்கிறேன். பிறகு அவரைத் தில்லையிடம் அனுப்பிவிட்டாள்.

அவ்வளவுதான். மழை பெய்ததா இல்லையா என்று சொல்லியிருந்தாலும் விமானத்தின் இயந்திரம் ஓடியிருக்கப் போவதில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் குரல், அதே கூச்சத்தோடு, அதே இடத்தில் கேட்டது. அவள் சொன்ன 'ஸ்டாண்ட்பை'யும் தினம் கேட்டது. அந்த ஆள் பதினோரு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

பியூலா வாரியத்துக்குப் போனாள். இந்த முறை, தன் மூளை சரியில்லை என்று எழுதி வாங்குவதற்கு.

நூருன்னிசா கவசத்தை இறக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. நூற்றுக்கு நூறு.

"நான் இல்லாத பிளேனையெல்லாம் பாக்கறேன்மா. அதுக்காக இருக்கிற பிளேனைத் திருப்பி விடறேன். ஒருநாள் இல்லாததுல இருந்து தப்பிக்கப் போயி இருக்கிறதுல மோத விட்டுருவேன். என்னை இறக்கி விட்டுருங்க."

விஷயம் டாக்டர் வரைக்கும் போனது. அவர் கேட்டுவிட்டுக் கைதட்டினார்.

"பெனிலா அம்மையாரே, இல்லாத விமானம் என்று தாங்களே சொல்கிறீர்கள். இல்லாததை இல்லாதது என்று அறிந்திருக்கிறீர்கள். இதற்குத் தெளிவு என்று பெயர்! துலாக்கோலில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு."

"இருக்குன்னு நம்பினா?"

"நம்பியிருந்தால் சோதனைக்கு வந்திருக்கவே மாட்டீர்கள்."

"பொட்டையாவது எடுத்துருங்க சார்."

"எடுக்கலாம். ஆனால் தடம் அழியாது. முன்பே சொன்னேனே?" அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சொன்னேனா? தங்களிடம்தானா?"

பியூலா அவர் காதுகளைப் பார்த்தாள். இரண்டுக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் நூருன்னிசா படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். "மேடம், டாக்டர் மாதிரி நானும் ஒட்டிக்கல. எங்க வாப்பா மௌத்தான நாள் மறுபடி அப்படியே வரும்னு பயம்" என்றாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "ஒரே வழிதான் இருக்கு. கூட வேலை பாக்குறவங்க யாராவது உங்களைப் பத்தி ரிப்போர்ட் பண்ணணும். அதுக்கு மட்டும் மெஷினால மார்க் போட முடியாது. உடனே மைக்கை வாங்கிடுவாங்க" என்றாள்.

எந்த மைக்குக்காகத் தலையைக் கொடுத்தாளோ, அதைப் பிடுங்க ஓர் ஆள் தேட வேண்டியதாயிற்று. தேட வேண்டியதுகூட இல்லை. தில்லை இருந்தான். ஹாட்லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். கடலில் விழுந்த விமானத்தை அதில் அவனிடம் ஒப்படைத்தால் அவன் அதிர்ந்துபோய் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவான். நண்பன்தான். நண்பனாக இருந்தால் கட்டாயம் கூப்பிடுவான். கேன்டீனில் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம் என்று பார்த்தால், அவன் கொஞ்ச நாளாக மத்தியானங்களில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு கையால் பிசைந்துகொண்டிருந்தான்.

அன்று மத்தியானமும் குரல் வந்தது. உயரம், வேகம், மழை, வத்தல். பியூலா இரண்டு உயிருள்ள விமானங்களை அதைச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டு, ஹாட்லைன் பொத்தானை அழுத்தினாள். ஹாலின் எதிர் மூலையில் தில்லை நிமிர்ந்து பார்த்தான்.

"கரையோரம், சொல்லு பியூலா."

"நாரை செவன் த்ரீ ஃபோர்" என்றாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னாள், பதிவில் தெளிவாக விழ வேண்டும் என்று. "உன் எல்லைக்கு வருது. எடுத்துக்கறியா?"

அவன் கை, மேற்பார்வையாளரின் மணிக்குப் போகிறதா என்று பார்த்தாள். போ, அழுத்து, என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"நாரை செவன் த்ரீ ஃபோர்" என்றான் தில்லை. "ஏத்துக்கிட்டேன்."

பியூலா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இடம் ஒழிச்சு வச்சிருக்கேன் பியூலா. கொழும்புக்காரனைக் கீழ இறக்கிட்டேன். பொட்டு வச்சதுலேருந்து தினம் இந்நேரம் வந்துட்டுதான் இருக்கு. நீ சொல்லாமலே வரும். இன்னிக்குத்தான் முறையா ஒப்படைச்சிருக்கே." அவன் குரலில் கோபமில்லை. வேலையில் மூழ்கியவனின் குரலாக இருந்தது. "கொஞ்ச நேரம் என்கிட்ட இருப்பார். அப்புறம் போயிடுவார். நாளைக்கு மறுபடி உன்கிட்ட."

"தில்லை, ரிப்போர்ட் பண்ணு. தயவுசெஞ்சு. என்னைப் பத்தி ரிப்போர்ட் பண்ணு."

"யாருகிட்ட?"

அவன் தலையால் காட்டினான். பியூலா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். வடக்கு செக்டர், தெற்கு செக்டர், மேலே நாற்காலியில் மேற்பார்வையாளர். குனிந்த தலைகள். ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் உளுந்து அளவில் ஒரு கறுப்பு. எல்லோரும் தங்கள் தங்கள் திரையில் காலியான இடங்களுக்கு மிகுந்த மரியாதையோடு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பியூலா."

"சொல்லு."

"அவர் கேக்குறார்."

"என்ன?"

"ஊர்ல மழையான்னு. அன்னிக்கு என்கிட்டயும் கேட்டார். நானும் ஸ்டாண்ட்பைன்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் சத்தமே வரல." தில்லை எதிர் மூலையிலிருந்து அவளைப் பார்த்தான். "இப்ப கேட்டுட்டு லைன்ல இருக்கார். என்ன சொல்லட்டும்?"

பியூலா அண்ணாந்து பார்த்தாள். மேலே கூரை, நாலு பக்கமும் சுவர். ஒரு சுவரில் வாரியத்தின் சுவரொட்டியில் டாக்டர் அருள்மொழிவர்மன், நீல வானத்துக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வெயிலா மழையா என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் தெரியாது.

"ஸ்டாண்ட்பை" என்றாள்.

"ஸ்டாண்ட்பை" என்று திருப்பிச் சொன்னான் தில்லைநாயகம்.

"கரெக்ட்" என்றாள் பியூலா. இடது கை தானாகச் சுண்டியது.